இன்குபேட்டருக்குப் பக்கத்தில் ஓர் அடுத்தாள்: பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் புதிதாகப் பயிற்றுநர் ஆகும் செவிலியர்களுக்கு

செட்டிநாட்டில் வேலை பழக்கிய பழைய முறை ஒன்று உண்டு. ‘கொண்டு விற்க’ப் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) கடைகளில் புதிதாகச் சேரும் பையன் பெட்டியடிப் பையன். பணப்பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பான். எடுத்துக் கொடுப்பான், பார்ப்பான், வாயைத் திறக்கமாட்டான். பிறகு ‘அடுத்தாள்’ ஆவான். மேலாளுக்கு அடுத்து உட்கார்ந்து, அவர் போடும் கணக்கைத் தானும் ஒரு முறை போட்டுப் பார்ப்பான். மேலாள் ஆவது அதற்கெல்லாம் பிறகுதான்.

காரைக்குடிப் பக்கத்து மருத்துவமனை ஒன்றின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பதினோரு ஆண்டுகளாகப் பயிற்றுநராக இருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த நாளில் இந்தப் பெட்டியடிக் கதையை யாராவது சொல்லியிருந்தால் முதல் ஆறு மாதம் வீணாகியிருக்காது. நீங்கள் மேலாளாக நியமிக்கப்பட்டிருப்பதாக நினைத்துக்கொண்டு வருவீர்கள். நியமன ஆணையும் அப்படித்தான் சொல்லும். அதை மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

சேரும் முன்

தகுதி பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பி.எஸ்சி. நர்சிங்கோ ஜி.என்.எம். (பொதுச் செவிலியம், தாதியியல்) பட்டயமோ, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலின் பதிவும் வேண்டும். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த ஓராண்டுப் பச்சிளங்குழந்தைச் செவிலியர் பட்டயம் இருந்தால் நல்லது. அரசின் சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் இருப்பவர்களுக்கு நான்கு நாள் வகுப்பும், பெரிய மையமொன்றில் இரண்டு வாரம் கூடவே இருந்து பார்க்கும் பயிற்சியும் உண்டு. வாய்ப்பு வந்தால், வீட்டில் கல்யாணமே இருந்தாலும் அந்த இரண்டு வாரத்தை விடாதீர்கள். அந்த நான்கு நாளைவிட இந்தப் பதினான்கு நாள்தான் பின்னால் நினைவில் நிற்கும்.

இவை எல்லாவற்றையும்விட, குறைமாதக் குழந்தையின் படுக்கைக்குப் பக்கத்தில் மூன்று ஆண்டாவது நின்றிருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். எட்டுப் பேர் குனிந்து நிற்கும் வார்மருக்குள் (குழந்தையைச் சூடாக வைக்கும் திறந்த படுக்கை) கையை எங்கே நுழைப்பது என்பது புத்தகத்தில் இல்லை.

முதல் பதினைந்து நாள்: பேசாதீர்கள்

நான் பேசினேன். முதல் நாளே நாற்பத்திரண்டு ஸ்லைடுகளுடன் கை கழுவுதல் பற்றி வகுப்பெடுத்தேன். 1947-இல் அழகப்பர் கல்லூரி தொடங்கிய ஊர் இது. பாடம் என்றால் பெஞ்சும் பலகையும் என்பது எங்கள் ரத்தத்தில் இருக்கிறது. வகுப்பில் இரண்டு பேர் தூங்கினார்கள். இரவு டியூட்டி முடித்து வீட்டுக்குப் போகவிடாமல் உட்கார வைத்திருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியில் கேள்வி உண்டா என்று கேட்டபோது ஒரே ஒரு கை எழுந்தது. “மேடம், அந்தக் குழாயை எப்போது சரிசெய்வார்கள்?”

வாசலில் இருக்கும் முழங்கைக் குழாயின் பிடி உடைந்து, கயிறு கட்டி வைத்திருந்தார்கள். கழுவிய கையால் அந்த ஈரக் கயிற்றை இழுத்து மூட வேண்டும். அதைப் பார்க்காமலே நான் கை கழுவும் ஆறு படிகளையும் படம் போட்டுக் காட்டியிருக்கிறேன்.

எனவே முதல் பதினைந்து நாள், மூன்று ஷிப்டிலும், ஒரு நோட்டுடன் ஓரமாக நில்லுங்கள். உள்ளே வருபவர்கள் முழங்கை வரை கழுவ எடுத்துக்கொள்ளும் நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள். இரண்டு நிமிடம் என்று சுவரில் எழுதியிருக்கும். அலாரம் அடித்தால் முதலில் நர்ஸின் கண் போவது குழந்தை மீதா, மானிட்டர் மீதா? கை போவது அலாரத்தை அணைக்கும் பொத்தானுக்கா? இரவு இரண்டு மணிப் பால் யார் கையால், எந்தச் சிரிஞ்சில் போகிறது? பிரசவ அறையிலிருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் ஆயாம்மா எந்தத் துணியில் சுற்றி வருகிறார்? எதையும் திருத்தாதீர்கள். குழந்தைக்கு உடனடி ஆபத்து என்றால் மட்டும் கையை நீட்டுங்கள். மற்ற நேரத்தில் திருத்த ஆரம்பித்தால், அன்றிலிருந்து உங்கள் முன்னால் எல்லாரும் நாடகம் போடுவார்கள். உண்மையை நீங்கள் பார்க்கவே முடியாது.

தெரியாமை, பழகாமை, இல்லாமை

பதினைந்து நாள் கழித்து அந்த நோட்டை எடுத்து ஒவ்வொரு குறைக்கும் எதிரே இந்த மூன்றில் ஒன்றை எழுதுங்கள். தெரியாமல் நடக்கிறதா? தெரியும், கை பழகவில்லையா? தெரியும், கையும் பழகியது, பொருளோ நேரமோ இல்லையா? வகுப்பு எடுக்க வேண்டியது முதல் வகைக்கு மட்டும்தான். என் நோட்டில் அது மிகக் குறைவாகவே இருந்தது. இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும். மூன்றாவதற்கு நீங்கள் போக வேண்டிய இடம் ஸ்டோர் ரூமும் கண்காணிப்பாளர் அறையும்.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு கத்திரி வெயிலில். மே மாதம் பிற்பகலில் உள்ளே வரும் குழந்தைகளின் வெப்பநிலை சரிந்துகொண்டே இருந்தது. குழந்தையின் உடல் 36.5-இலிருந்து 37.5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். 36-க்குக் கீழே போனால் மிதமான குளிர்ச்சி நிலை. சர்க்கரை குறையும், மூச்சு திணறும், எல்லாம் சங்கிலியாக வரும். எங்களுக்கு 35.6, 35.8 என்று வந்தது. வெளியே ஊரே வெந்துகொண்டிருக்க, உள்ளே குழந்தை குளிர்கிறது! ‘குளிர்ச்சி நிலை’ பற்றி இரண்டு முறை பாடம் நடத்தினேன். எல்லாரும் சரியாக எழுதினார்கள். வெப்பநிலை மட்டும் ஏறவில்லை.

மூன்றாவது வாரம் நானே கவுன் போட்டுக்கொண்டு மதியம் முழுக்க வார்மருக்குக் கீழே நின்றேன். அரை மணி நேரத்தில் முதுகு நனைந்தது. என் கையே ஏசி ரிமோட்டைத் தேடியது. அதில் 20 டிகிரி வைத்திருந்தார்கள். வேறு எதைச் செய்வார்கள்? மெல்லிய பருத்திக் கவுன் வாங்க வைத்தோம். நேராக வார்மர் முன்னால் நிற்கும் நேரத்தை மாற்றி மாற்றிப் பிரித்தோம். அறை 26 டிகிரிக்குக் குறையக் கூடாது என்று ரிமோட்டைத் தலைமைச் செவிலியரிடம் கொடுத்தோம். பிரசவ அறையில் துண்டுகளை முன்கூட்டியே வார்மரில் போட்டுச் சூடாக்கினோம். அந்த வேலையில் பாடம் என்று சொல்ல எதுவும் இல்லை.

கை பழகும் வேலை: பையும் மாஸ்க்கும்

நீங்கள் வேறு எதையும் கற்றுக்கொடுக்காவிட்டாலும், மூச்சு விடாத குழந்தைக்கு ஆம்பு பையால் காற்றுக் கொடுக்க ஒவ்வொரு நர்ஸின் கையையும் பழக்கிவிடுங்கள். பிறந்த குழந்தையின் இதயம் பெரும்பாலும் தானாகக் கெட்டு நிற்பதில்லை. மூச்சு நின்றதால் நிற்கிறது. துடைத்து, சூடாக்கி, தூண்டியும் மூச்சு வரவில்லையென்றால் முதல் ஒரு நிமிடத்துக்குள் காற்று உள்ளே போய்விட வேண்டும். நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை. இதயத் துடிப்பு ஏறினால் நம் வேலை பலித்தது.

பொம்மையில் செய்யும்போது எல்லாருக்கும் வரும். நிஜத்தில் நெஞ்சு எழும்பாது. அந்த நேரத்தில் கை பதறாமல் செய்ய வேண்டிய திருத்தங்கள் ஆறு. நான் அதைத் தமிழில் ஆறு சொல்லாகச் சொல்லிப் பழக்குகிறேன்: மாஸ்க், தலை, சளி, வாய், அழுத்தம், குழாய். மாஸ்க்கை விளிம்பு கசியாமல் மறுபடி பதிய வை. தலையைச் சற்றே நிமிர்த்து. அண்ணாந்து போகவும் கூடாது, மோவாய் நெஞ்சில் ஒட்டவும் கூடாது. முதலில் வாயில், பிறகு மூக்கில் சளியை உறிஞ்சு. வாயைச் சற்றுத் திறந்து கொடு. அழுத்தத்தைக் கூட்டு. அதற்கும் எழவில்லையென்றால் மூச்சுக்குழாய்க்குள் குழாய். நெஞ்சு நன்றாக எழும்பும்படி முப்பது விநாடி காற்றுக் கொடுத்தும் துடிப்பு 60-க்குக் கீழே இருந்தால்தான் நெஞ்சு அழுத்தம். மூன்று அழுத்தத்துக்கு ஒரு மூச்சு. புதியவர்கள் நெஞ்சை அழுத்த அவசரப்படுவார்கள், ஏனென்றால் அது பார்ப்பதற்குப் பெரிய வேலை. அதைத் தடுத்து, ‘நெஞ்சு எழும்புகிறதா?’ என்று மறுபடி மறுபடி கேட்பதுதான் உங்கள் பங்கு.

ஆண்டுக்கு ஒரு முறை நாள் முழுக்கப் பயிலரங்கு நடத்தி, சான்றிதழ் கொடுத்து, குரூப் போட்டோ எடுப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. மூன்று மாதத்தில் கை மறந்துவிடுகிறது. அதற்குப் பதில் டியூட்டி மாறும் நேரத்தில் பத்து நிமிடம், இரண்டு பேர், ஒரு பொம்மை. வாரத்தில் ஒருவருக்கு ஒரு முறை வந்தால் போதும். நான் கடிகாரம் பிடிப்பேன். பை எங்கே இருக்கிறது என்று சொல்லமாட்டேன். எங்கள் பிரிவில் முதல் மாதம் தோற்றது திறமைக் குறைவால் அல்ல. குறைமாதக் குழந்தைக்கான சின்ன மாஸ்க், சைஸ் 0, பூட்டிய அலமாரிக்குள் இருந்தது, சாவி ஒருவர் இடுப்பில் இருந்தது, அவர் சாப்பிடப் போயிருந்தார்.

புள்ளி

நகரத்தார் வழக்கில் மணமான ஒவ்வொரு தம்பதியும் கோயில் கணக்கில் ஒரு புள்ளி. புள்ளி தப்பினால் ஒரு குடும்பமே கணக்கில் விட்டுப்போகும். எங்கள் வார்டில் தசமப் புள்ளி தப்பினால் மருந்து பத்து மடங்காகும். பெரியவர்கள் வார்டில் பத்து மடங்குத் தவறு செய்ய முயன்றால் பத்து ஆம்பூல் உடைக்க வேண்டும்; யாராவது ‘என்ன இது?’ என்று கேட்டுவிடுவார்கள். இங்கே பத்து மடங்கும் பெரும்பாலும் ஒரே புட்டிக்குள் அடங்கிவிடும். பச்சிளங்குழந்தைப் பிரிவின் தனிப்பட்ட பயங்கரம் அதுதான்.

கணக்கைப் பொதுவாக நடத்தாதீர்கள். உங்கள் வார்டில் இன்று இருக்கும் குழந்தையின் எடையை வைத்து நடத்துங்கள். 1,200 கிராம் குழந்தை. முதல் நாள் திரவம் கிலோவுக்கு 80 மில்லி என்று மருத்துவர் எழுதியிருக்கிறார். 1.2 பெருக்கல் 80, நாளைக்கு 96 மில்லி. 24-ஆல் வகுத்தால் மணிக்கு 4 மில்லி. பம்பில் தவறி 40 என்று அழுத்தினால்? ஒரு நாள் திரவம் முழுவதும் இரண்டரை மணி நேரம் ஆவதற்குள் உள்ளே போய்விடும். இதைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நில்லுங்கள். எந்த எச்சரிக்கையும் அதற்கு மேல் தேவைப்படாது.

அடுத்து மருந்து. ஆம்பிசிலின் கிலோவுக்கு 50 மில்லிகிராம் என்றால் இந்தக் குழந்தைக்கு 60 மில்லிகிராம். 500 மில்லிகிராம் புட்டியை 5 மில்லியாகக் கரைத்தால் ஒரு மில்லியில் 100, எனவே 0.6 மில்லி. இதை எழுதும் விதத்துக்கு மூன்று சட்டம் வைத்திருக்கிறேன். புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் இல்லாமல் எழுதக் கூடாது. முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடக் கூடாது, 6.0 என்பது அவசரத்தில் 60 ஆகத் தெரியும். ஒரு மில்லிக்குக் குறைந்த மருந்தை ஒரு மில்லி சிரிஞ்சில்தான் எடுக்க வேண்டும். மூன்றாவதுதான் என் செல்லச் சட்டம். மூளை தூங்கினாலும் ஆறு மில்லியை ஒரு மில்லி சிரிஞ்சுக்குள் அடைக்க முடியாது, கை தடுக்கும்.

இரண்டு பேர் சரிபார்த்துக் கையெழுத்திடுவது எல்லா மருத்துவமனையிலும் உண்டு. போய்ப் பாருங்கள்: முதல் நர்ஸ் “ஜீரோ பாயிண்ட் சிக்ஸ், சரிதானே அக்கா?” என்பார்; இரண்டாமவர் எட்டிப் பார்த்து “சரி” என்பார். அதைச் சரிபார்ப்பு என்று நான் எண்ணுவதில்லை. விடையைக் கேட்ட பிறகு மனம் அந்த விடைக்கே வழி தேடும். இரண்டாமவர் மருத்துவர் எழுதியதையும் எடையையும் மட்டும் வாங்கிக்கொண்டு, தனித் தாளில், தானே போட வேண்டும். அடுத்தாள் செய்தது அதுதான். இரண்டு விடையும் ஒன்றானால் மட்டும் சிரிஞ்சு கைக்கு வரட்டும்.

நேராக ஏற்றினால் இதயத்தை நிறுத்திவிடும் பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலை, மருந்து கரைக்கும் வாலை வடிநீர் ஆம்பூலுடன் ஒரே தட்டில் வைத்திருந்தால், இந்தப் பத்தியை இங்கேயே நிறுத்திவிட்டுப் போய்ப் பிரித்து வைத்துவிட்டு வாருங்கள்.

காதும் கண்ணும்

நீர்க்குமிழி சிபேப்பில் (மூக்கு வழியே தொடர் அழுத்தத்தில் காற்றுக் கொடுக்கும் கருவி) இருக்கும் குழந்தையைக் காதால் பார்க்கப் பழக்குங்கள். குமிழி ஓசை நின்றால் எங்கோ காற்றுக் கசிகிறது: மூக்குக் குழல் நழுவியிருக்கும், இல்லை வாய் திறந்திருக்கும், இல்லை இணைப்பு கழன்றிருக்கும். புதியவர்களைக் கண்ணை மூடி நிற்கவைத்து ஓசை நின்றதும் கையைத் தூக்கச் சொல்வேன். மூன்று நாளில் காது பழகிவிடும். ஓசை வேண்டும் என்பதற்காகக் குழலை மூக்கோடு இறுக்கிக் கட்டுவது அடுத்த தவறு. மூக்கின் நடுத்தண்டு வெளுக்கிறதா, சிவக்கிறதா என்று ஒவ்வொரு டியூட்டியிலும் பலமுறை டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். நடுத்தண்டு அரித்துப்போனால் அந்தக் குழந்தை வாழ்நாள் முழுக்க நம் கைவேலையை முகத்தில் சுமக்கும்.

ஆக்ஸிஜன் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆக்ஸிஜன் வாங்கும் குறைமாதக் குழந்தைக்குச் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு, 90 முதல் 95 சதவீதம் வரை போதும். நூறு காட்டினால் நர்ஸ் நிம்மதியாகிறார். மேல் எல்லை அலாரம் தொணதொணக்கிறது என்று அதை அணைத்தும் விடுகிறார். அந்த நிம்மதிதான் விழித்திரையின் இளம் ரத்தக்குழாய்களைக் கெடுக்கிறது. 2,000 கிராமுக்குக் குறைந்த, அல்லது 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்கு, பிறந்து முப்பது நாளுக்குள் கண் பரிசோதனை நடக்க வேண்டும்; மிகச் சிறிய குழந்தைகளுக்கு இரண்டு மூன்று வாரத்திலேயே. வீட்டுக்கு அனுப்பும்போது அந்தத் தேதியைத் தாயிடம் சொன்னால் போதாது. காலண்டரில் வட்டம் போட்டுக் கொடுக்கும் பழக்கத்தை உண்டாக்குங்கள்.

ஆயாவும் அப்பத்தாவும் சேனையும்

இந்த ஊரில் வேலை பார்க்கப் போகிறவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். எந்தப் பாடத்திட்டத்திலும் இது வராது.

தென்மாவட்டங்களில் பிறந்த குழந்தையின் நாவில் முதலில் சேனை வைப்பார்கள். சர்க்கரைத் தண்ணீரோ தேனோ. வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. ஆகவே குடும்பத்தில் மதிப்பானவரைப் பார்த்து, யோசித்து, சில நேரம் சண்டை போட்டுத் தேர்ந்தெடுப்பார்கள். முஸ்லிம் குடும்பங்களில் பேரீச்சம்பழத்தை நசுக்கி நாவில் தடவும் வழக்கம் உண்டு. நமக்கோ, 1.4 கிலோ குழந்தையின் வாயில் தாய்ப்பால் தவிர ஒரு சொட்டும் போகக் கூடாது.

எங்கள் பிரிவில் ஒரு ஆயா, தாயைப் பெற்றவர், மடியில் சின்னப் புட்டியோடு வந்தார். கானாடுகாத்தான் பக்கம். பேரனுக்குச் சேனை வைக்க அவரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். எங்கள் இளம் நர்ஸ் ஒருவர் புட்டியைப் பிடுங்கி, “படிக்காதவர்கள் இப்படித்தான் குழந்தையைக் கொல்வீர்கள்” என்று கத்திவிட்டார். அறிவியல் நர்ஸ் பக்கம். ஆனால் மறுநாளிலிருந்து தாய் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பால் பீய்ச்சும் நேரத்தில் மாமியாரும் அம்மாவும் வெளியே உட்கார்ந்திருந்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு. மூன்றாம் நாள் பால் குறைந்தது.

அந்த நர்ஸை நான் திட்டவில்லை. அவருக்கு எப்படிப் பேசுவது என்று யாரும் பழக்கவில்லை. இரண்டாம் வகைக் குறை. இப்போது மாதம் ஒரு முறை ஒத்திகை நடத்துகிறோம். நான்தான் ஆயா. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கொஞ்சம் கோபத்தோடு வருவேன். புதியவர்கள் முதலில் கற்க வேண்டியது கூப்பிடும் முறை. அம்மாவைப் பெற்றவர் குழந்தைக்கு ஆயா, அப்பாவைப் பெற்றவர் அப்பத்தா. செட்டியார் வீட்டுப் பெரியவர் என்றால் ஆச்சி என்று கூப்பிட்டால் பாதிக் கதவு திறந்துவிடும். “பாட்டி, தள்ளுங்க” என்றால் அந்தப் பாதியும் மூடிவிடும்.

பிறகு, சேனையை மறுக்காமல் இடம் மாற்றுவது. எங்கள் நர்ஸ்கள் இப்போது ஏறக்குறைய இப்படிச் சொல்கிறார்கள்: “ஆயா, முதல் ருசி உங்கள் கையால் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறீர்கள். இவனுக்குக் குடல் இன்னும் பிஞ்சு. சர்க்கரைத் தண்ணீர் தாங்காது. உங்கள் மகளின் சீம்பால்தான் இவனுக்குச் சேனை. அதை அவள் பீய்ச்சி எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருந்து கிண்ணத்தைப் பிடியுங்கள். கையை மட்டும் முழங்கை வரை கழுவிக்கொள்ள வேண்டும், நான் காட்டுகிறேன்.” அந்தச் சொட்டுகளை நர்ஸ் குழந்தையின் கன்னத்துக்குள் தடவுவார், ஆயா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பார். எல்லாரும் ஒப்புக்கொள்வதில்லை. ஒப்புக்கொண்டவர்கள் அடுத்த படுக்கை ஆயாவுக்குத் தாங்களே பாடம் நடத்துகிறார்கள், என்னைவிட நன்றாக.

குழந்தையை வெற்று நெஞ்சோடு அணைத்துக் கட்டிவைக்கும் கங்காரு பராமரிப்புக்கும் இவர்களே உங்கள் படை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத ஒரு மருத்துவமனையில் எட்கர் ரே என்ற மருத்துவர் தொடங்கியது இது. எடை குறைந்த குழந்தைக்குப் பிறந்த உடனேயே தொடங்கி நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் சொல்லிவிட்டது. எட்டு மணி நேரம் ஒரு தாய் தனியாக எப்படிச் செய்வாள்? அவளுக்குத் தையல் வலிக்கிறது, குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும். ஆயாவின் நெஞ்சும் சூடுதான், அப்பாவின் நெஞ்சும்தான். கட்டுவதற்கு விலை உயர்ந்த பட்டி தேடாதீர்கள். துவைத்துத் துவைத்து மெத்தென்றான பருத்திச் சேலை போதும். இங்கே பழைய கண்டாங்கி இல்லாத வீடு இல்லை. குழந்தை தவளைபோலக் காலை மடித்து, தலை ஒரு பக்கம் திரும்பி, மூக்கு வெளியே தெரிய வேண்டும். கட்டுவதை நர்ஸ் செய்து காட்டக் கூடாது. ஆயாவே கட்ட, நர்ஸ் பார்க்க வேண்டும்.

ஐந்தொகை

டியூட்டி ஒப்படைப்பை நான் ஐந்தொகை (கடைக் கணக்கு முடிப்பு) என்று சொல்லிப் பழக்கினேன். செட்டியார் வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள், ஆனால் புரிந்துகொண்டார்கள். வரவு, செலவு, கையிருப்பு. உள்ளே போன திரவம், வெளியே வந்த சிறுநீர், சிரிஞ்சில் மிச்சம், ஃபிரிட்ஜில் பீய்ச்சி வைத்த பால், அலாரத்தின் இரண்டு எல்லைகள். மேசையில் உட்கார்ந்து பேசி முடிக்கக் கூடாது. படுக்கையருகே, வாங்குபவர் தன் கண்ணால் பம்பைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். பேரேட்டில் எழுதியதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றாக இல்லையென்றால் யாரும் வீட்டுக்குப் போவதில்லை.

தவறு நடந்தால்

நடக்கும். உங்களிடம் சொல்வார்களா என்பதுதான் கேள்வி. நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் ஒரு குழந்தையின் பாலை அடுத்த படுக்கைக் குழந்தைக்கு ஏற்றிவிட்டேன். லேபிளைப் படிக்காமல் நிறத்தைப் பார்த்து எடுத்தேன். மருத்துவரிடமும் இரண்டு தாய்மார்களிடமும் அன்றே சொன்னேன், கால் நடுங்க. இதை ஒவ்வொரு புதிய குழுவிடமும் முதல் வாரமே சொல்லிவிடுவேன். அதன்பிறகு அவர்கள் தங்கள் தவறைக் கொண்டுவருகிறார்கள். கொண்டுவந்தவரிடம் ‘ஏன் செய்தாய்’ என்று கேட்காதீர்கள். ‘அப்போது கையில் வேறு என்ன இருந்தது’ என்று கேளுங்கள். பெரும்பாலும் கையில் இன்னொரு குழந்தை இருந்திருக்கும். ஒரு நர்ஸுக்கு மூன்று நான்கு படுக்கை என்று ஏட்டில் இருக்கும், எண்ணிப் பாருங்கள். அந்த எண்ணிக்கையைத் தேதியோடு எழுதி மேலே அனுப்புவதும் பயிற்றுநர் வேலைதான். யாரும் அதைப் பயிற்சி என்று சொல்லமாட்டார்கள், அவ்வளவே.

எப்போது தனியே விடுவது

புதியவர்களைப் பெட்டியடி, அடுத்தாள், மேலாள் என்றே பிரித்திருக்கிறேன். முதல் ஆறு வாரம் பார்ப்பதும் எடுத்துக் கொடுப்பதும். அதன்பிறகு மூத்தவர் பக்கத்தில் நின்று செய்வது. வென்டிலேட்டர் குழந்தையைத் தனியே கொடுப்பதற்கு நான் மாதக் கணக்குப் பார்ப்பதில்லை. தேர்வு ஒன்று வைத்திருக்கிறேன்: தெரியாததைத் தெரியாது என்று உரக்கச் சொல்கிறாரா? எல்லாத் திறனும் சரியாகச் செய்து, ஒரு முறைகூட ‘அக்கா, இது எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லாதவரை நான் இன்னும் ஒரு மாதம் தாமதிப்பேன். இதற்காக என்மேல் வருத்தப்பட்டவர்கள் உண்டு.

மாதத்தில் நான்கு இரவாவது நீங்கள் வார்டில் இருங்கள். பகலில் கற்றது இரவு மூன்று மணிக்கு என்ன ஆகிறது என்பது பகலில் தெரியாது.

குழந்தை இறக்கும்போது

புதிய நர்ஸ் முதல் மரணத்தைப் பார்க்கும் நாள் வரும். எங்களிடமிருந்து மதுரைக்கு அனுப்ப ஏறக்குறைய 90 கிலோமீட்டர். சில குழந்தைகளுக்கு அந்தத் தூரம் நீளம். அன்று அவரைத் தனியே விடாதீர்கள், அதே நேரம் வீட்டுக்கும் துரத்தாதீர்கள். குழந்தையைத் துடைத்து, குழாய்களை எடுத்து, துணியில் சுற்றித் தாயிடம் கொடுப்பது வரை மூத்தவருடன் சேர்ந்து செய்யட்டும். பேசும்போது ‘அது’ என்று சொல்ல வேண்டாம். பெயர் வைத்திருந்தால் பெயர், இல்லையென்றால் மகன், மகள். ‘இன்னொன்று பிறக்கும்’ என்பதை யாரும் எக்காரணத்தாலும் சொல்லக் கூடாது.

யாரும் சொல்லித்தராத ஒன்று இருக்கிறது. குழந்தை போன பிறகும் தாய்க்குப் பால் ஊறும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் மார்பு கட்டிக்கொண்டு வலிக்கும்போது அவள் தனியாக, அடுக்களையிலோ வளவின் (உள்முற்றத்தின்) மூலையிலோ நின்று அழுவாள். வீட்டுக்கு அனுப்பும் முன்பே நர்ஸ் இதைச் சொல்லிவிட வேண்டும்: பால் வரும், பயப்படாதே, வலி தீரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சு, குளிர்ந்த துணி வை, காய்ச்சல் வந்தால் வா. இந்த ஐந்து வாக்கியத்தைச் சொல்ல என் நர்ஸ்களை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். மனப்பாடமாக இருந்தால்தான் தொண்டை அடைக்கும்போதும் வாயில் வரும்.

பையில் வைத்துக்கொள்ள

ஒரு மில்லி சிரிஞ்சு நான்கைந்து, சைஸ் 0-வும் 1-உம் மாஸ்க், சின்ன டார்ச், கடிகாரம், கோடு போடாத நோட்டு, கால்குலேட்டர். கால்குலேட்டரின் பேட்டரியை மாதம் ஒரு முறை மாற்றிவிடுங்கள். இரவு டியூட்டிக்குப் போகும் நாளில் ஒரு டப்பா மனகோலம் அல்லது தேன்குழல். வார்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. உடை மாற்றும் அறையில் வைத்துவிடுங்கள். மூன்று மணிக்கு ஒவ்வொருவராக வெளியே வந்து சாப்பிடும்போது, பகலில் உங்களிடம் சொல்லாதது எல்லாம் வரும். நோட்டை அப்போது வெளியே எடுக்காதீர்கள்.